கிழமை வாடகை

லண்டன் மாமா ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். அப்பாவுக்கு முன்பல் எங்கே என்றும் சின்னவள் கேட்டாள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். முதலில் அடித்தவன் நான். அதை வேறு ஆட்கள் சொல்லி நீங்கள் அறியக் கூடாது.

2009இல் பவுணும் யூரோவும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்க லண்டன் பேச்சுத்தான். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெட்டி கட்டினார்கள். நீங்கள் இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் ஆசை. அம்மாவின் அண்ணன், அதுதான் மாமா, தொலைபேசியில் அங்கத்தைய விலைகளைச் சொல்லுவார். சூரிச்சில் இருக்கும் என் சினேகிதனிடமும் கேட்டேன். தேயிலைப் பெட்டி மட்டையில் மூன்று ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஆட்டிறைச்சி, அரிசி மூட்டை, முருங்கைக்காய். எங்களுக்கு ஊர் மலிவா என்று பார்க்க அவைதான் தெரியும். சூரிச் எல்லாவற்றிலும் தோற்றது. லண்டன் வென்றது. வாடகை இருநூற்றைம்பது பவுண் என்றார் மாமா. பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் நாங்கள் மாதம் எழுநூறு யூரோ கட்டிக்கொண்டிருந்தோம்.

வீட்டை விடுகிறோம் என்று கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த அரசாங்க வீடு. விட்டால் திரும்பக் கிடைக்காது.

அந்த ஞாயிறு, கல்யாணம் ஒன்றுக்கு வந்திருந்த மாமாவோடு லாச்சப்பல் கடையொன்றில் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"நாளைக்குக் கடிதம் போடுறன், மச்சான். மாதம் இருநூற்றைம்பது எண்டால் காசு மிச்சம் பிடிக்கலாம்," என்றேன்.

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "மாதமோ? லண்டனில வாடகை கிழமைக்கு."

மாதத்துக்கு ஆயிரம் பவுண்.

"ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை. பத்து வருசம் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினதில மண்டையும் கழுவுப்பட்டிட்டுது போல."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்; பெரியவனுக்கே அப்போது நான்கு வயதுதான், மறந்திருப்பீர்கள். நான் மேசைக்கு மேலால் பாய்ந்து அவர் மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்கியது என் கைக்குத் தெரிந்தது. மறுபடியும் குத்தினேன். அவர் எவர்சில்வர் தண்ணீர்ச் சாடியைத் தூக்கி என் வாயில் அடித்தார். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. கழுத்தைப் பிடித்து அவரைச் சுவரோடு இடித்தேன். பெரியவன் மேசைக்குக் கீழே தங்கையின் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். கொத்துப் போடுபவர் ரொட்டி கொத்தும் தகட்டோடு ஓடி வந்தார்.

"விடுங்கோ அண்ணை, ஆள் செத்திடும்."

மாமா நிலத்தில் கிடந்தபடி இரத்தம் துப்பினார். "என்ரை வீட்டு வாடகையை என்னால தனியக் கட்ட ஏலாதடா. நீங்கள் வந்தால் பாதிப் பாதி எண்டு நினைச்சன்."

அதைக் கேட்ட பிறகும் அவர் விலாவில் உதைத்தேன். குத்தியதற்குக் கோபத்தைக் காரணம் சொல்லலாம். அந்த உதைக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வீட்டில் அம்மா என் சட்டையைத் தோய்க்க எடுத்தார். பைக்குள் கடிதம் இரத்தத்தில் ஒட்டிக் கிடந்தது. கிழித்துக் குப்பையில் போட்டார்.

"இஞ்சாருங்கோ, எங்கடை வீடு தப்பீட்டுது. அண்ணையின்ரை வீடு?"

ஆறு மாதத்தில் மாமா அந்த வீட்டை விட்டுக் குடும்பத்தோடு ஓர் அறைக்குள் போனார்.

வருகிற லீவுக்கு லண்டன் போகிறோம். கதவை நான் தட்டுகிறேன். நீங்கள் பின்னால் நில்லுங்கள். அவர் அடித்தால் பயப்படாதீர்கள், நான் கை ஓங்க மாட்டேன்.