மாலை போட்ட என் படம்

ஒஸ்லோவில் ஓர் ஓவியக் காட்சிச்சாலையில், வருபவர்களின் குளிர்கோட்டுகளை வாங்கித் தொங்கவிடுவது என் வேலை. கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கோட்டைத் தருபவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இலக்கத் துண்டைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு ஐம்பது வயதான ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அங்கே ஒரு கண்காட்சி வந்தது. ஜோர்ஜ் என்ற பெயரிலேயே அரசர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட காலத்தில் பெயரெடுத்த ஒரு நாடக நடிகையின் படங்கள். மண்டபம் முழுக்க ஒரே பெண். ஒன்றில் அரசி, ஒன்றில் விதவை, இன்னொன்றில் கையில் கத்தி. அவளை வரைய ஓவியர்கள் போட்டி போட்டார்களாம். அவற்றை அச்சடித்து விற்க, சனங்கள் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டினார்களாம். பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கம் அப்படித்தான் சொன்னது.

மதிய இடைவேளையில் கொண்டுபோன பாண் துண்டை அவசரமாக விழுங்கிவிட்டு அவளைப் பார்க்கப் போவேன். கலை ஆர்வம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவளிடம் ஓர் அலுவல் இருந்தது.

என் மகள் எனது பிறந்தநாளுக்கு மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஒரு மண்டபம் எடுத்திருந்தாள். எங்கள் ஆட்களின் விழா என்றால் வாசலில் விழாவுக்குரியவரின் ஆளுயரப் படம் நிற்க வேண்டும். பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ, அறுபதாம் கலியாணமோ, அது இல்லாமல் நடந்ததை நான் கண்டதில்லை. எனக்கோ கமரா என்றால் காய்ச்சல். கலியாணப் படங்களில்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். இப்போது ஆளுயரத்தில், வருகிற எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும்.

இந்த நடிகையோ பார்க்கப்படுவதற்கென்றே உட்கார்ந்தவள். எப்படித் தாங்கினாள்? சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. அவள் எங்களைப் பார்ப்பதேயில்லை. பெரிய படங்களில் எல்லாம் கண் மேல் மூலையில். துயரத்தின் உச்சம் என்று விளக்கத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பஸ்ஸில் தெரிந்தவர் ஏறினால் நானும் அந்த மூலையைத்தான் பார்ப்பேன்.

படம் எடுக்க வந்த தம்பி, ஒஸ்லோத் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் படத்துக்காகத் தூணோடு சாய வைத்தவர்.

"அக்கா, நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ. அண்ணையை முதன்முதல் கண்டமாதிரிச் சிரியுங்கோ."

என் கணவரை முதன்முதல் கண்டபோது நான் அழுதேன் என்று அவரிடம் சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்து, ஒரு கையைக் கைபிடியில் தளரவிட்டு, நடிகையைப் போல மேல் மூலையைப் பார்த்தேன். தம்பி கமராவை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துத் தள்ளினார்.

படத்தில் என் கண் திறந்திருந்தது. எனக்கு அதுவே போதும். மகள்தான் நெடுநேரம் பார்த்துவிட்டு, இது பிறந்தநாள் முகம் இல்லையே என்றாள்.

விழாவன்று என் கணவர் ஒரு ரோசா மாலையோடு வந்தார். எனக்குப் போட, அதுவும் ஆட்கள் வந்தபின் எல்லோர் முன்னாலும். நான் பின்வாங்கினேன். எனக்கு வேண்டாம், வாசலில் நிற்கிற படத்துக்குப் போட்டுவிடுங்கோ என்றேன். எதிர்த்துக் கதைக்காத மனிதர், அப்படியே செய்தார். வாசலில் ஏற்ற வைத்திருந்த குத்துவிளக்கையும், காற்றுப் படாமலிருக்கட்டும் என்று படத்துக்கு முன்னால் நகர்த்தி ஏற்றினார். பிறகு சோறு எடுத்துவரக் காரில் போய்விட்டார். நான் மண்டபத்துக் குசினிக்குள் புகுந்து, பொரித்த ரோல்ஸைத் தட்டில் அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன்.

முதலில் வந்தவர் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் ஒரு வயதான அண்ணை. மனைவியோடும் பரிசுப் பொதியோடும் வந்தார். வாசலில் நான், கழுத்தில் மாலை, முன்னால் விளக்கு, பார்வை மேலுலகத்தில். அண்ணை பொதியைக் கீழே வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். கைகூப்பித் தலைகுனிந்து நின்றார். பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அண்ணை அப்படி நிற்கும்போது தாண்டிப் போவது மரியாதையில்லையே. அவர்களும் சப்பாத்தைக் கழற்றி வரிசையில் நின்றார்கள். மண்டபத்தில் போட்டிருந்த பாட்டையும் யாரோ நிறுத்திவிட்டார்கள்.

மகள் குசினிக்குள் ஓடி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"அம்மா, உடன வாங்கோ. அங்கை உங்களுக்கு அஞ்சலி நடக்குது."

குசினிக்கு ஒரு பின்கதவு இருந்தது. உண்மையாகவே அதைப் பார்த்தேன். அதால் போய்விட்டால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அண்ணையின் மனைவி விம்முவது குசினிவரை கேட்டது. ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அண்ணை தட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ இருக்கிறியே?"

"ஓம், அண்ணை. ரோல்ஸ் எடுங்கோ."

எடுத்துக் கடித்தபடி விளக்கம் சொன்னார். "மண்டபம் எடுத்தாச்சு, விடுவானேன் எண்டு பிறந்தநாளையே அஞ்சலியாக்கிப்போட்டினமாக்கும் எண்டு நினைச்சன்."

"கேட்டுப்போட்டுக் கும்பிடுங்கோ எண்டு இந்த மனிசனுக்கு எத்தினை தரம் சொன்னனான்" என்றார் மனைவி, அப்போதுதான் அழுது முடித்தவர்.

வெளியே இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாலை படத்தில் கிடக்கும்வரை ஒவ்வொருவரும் சப்பாத்தைக் கழற்றப் போகிறார்கள். வேறு வழியில்லை. தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, மாலையைப் படத்திலிருந்து எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கை தட்டினார்கள். கண் தானாக மேல் மூலைக்குப் போனது. அங்கே தீ எச்சரிக்கை மணி ஒன்றுதான் இருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்ப்பது? கீழே பார்த்தேன். பட்டுச் சேலையும் வேட்டியும் கட்டிய சனம் வெறும் காலுறையோடு வரிசையாக நின்றது. அண்ணையின் காலுறைக்கு வெளியே பெருவிரல் எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படமெடுக்கும் தம்பி விடுவாரா?

அந்தப் படத்தில் மாலை ஒருபக்கம் சரிந்து கிடக்கிறது, கண் வழக்கம்போல மூடியிருக்கிறது. கணவர் அதைத்தான் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். எல்லிங்ஸ்ருட் அண்ணை எப்போது வந்தாலும் முதலில் அதைப் பார்ப்பார். பிறகு குசினிப் பக்கம் எட்டி, நான் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்.