பலகையில் தமிழ், பாட்டில் நிப்போங்கோ

யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில், புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். தினமும் ஒரு மணி நேரம் நிப்போங்கோ, அதாவது ஜப்பானிய மொழி, கற்றுத்தர வேண்டும் என்று உத்தரவு. அதற்காகச் சுங்கை பட்டாணியில் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்த எழுத்து என் மண்டையில் ஏறவே இல்லை. ஆகவே குறுக்கு வழி பிடித்தேன். ஜப்பானியப் பாட்டைத் தமிழெழுத்தில் பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் பார்த்துப் பாடினார்கள். நிப்போங்கோ நேரத்தில் தமிழெழுத்து கூடாது என்பது விதி. யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"வாத்தியாரே, ஜப்பான் ஆபீசர் வர்றான். பாட்டு சரியா வரலைன்னா உங்க பேரையும் சயாம் ரயில் லிஸ்ட்ல சேக்கச் சொல்லிட்டான்."

சயாமுக்கு ரயில் பாதை போடப் போன எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை. என் மனைவிக்கு நிறைமாதம். பலகையை அழிப்பதற்குள் ஆபீசர் உள்ளே வந்துவிட்டார். தமிழெழுத்தைப் பார்த்தார். துணியை எடுத்து அவரே அழித்தார். பிறகு பாடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

யாரும் வாய் திறக்கவில்லை. கெட்டிக்காரப் பையன்கள்கூட வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பலம்மா. ஒரு வருஷமாகியும் தமிழில் நாலு எழுத்துச் சேர்த்துப் படிக்கத் தெரியாதவள். மண்டு என்று நான் தினமும் திட்டிய பெண். முதல் வரியிலிருந்து பிசகாமல் பாடினாள். மற்றவர்கள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். ஆபீசர் தலையாட்டினார். தமிழில் எழுதியதற்காக என் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுப் போனார். பட்டியலில் என் பெயர் ஏறவில்லை.

பள்ளி விட்டதும் அவளைக் கூப்பிட்டு, எப்படி மனப்பாடம் பண்ணினாய் என்று கேட்டேன்.

"எனக்குத்தான் எழுத்து தெரியாதுல்ல வாத்தியாரய்யா, அதான் காதால கேட்டுக்கிட்டேன்."

தமிழ்ப் பாடத்தை மட்டும் ஏன் அப்படிக் கேட்கவில்லை என்றேன்.

"எங்க வீட்ல தெலுங்குதான். நீங்க தமிழ்ல சொல்றது எனக்குப் பாதிதான் புரியும். மத்தவங்களுக்கெல்லாம் புரியுது, எனக்கு மட்டும் பயமா இருக்கும். இந்தப் பாட்டு யாருக்குமே புரியாது. அதனால பயமில்ல."

அவள் குடியிருந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தெலுங்குக் குடும்பங்கள் இருப்பது எனக்குத் தெரியும்தான். இருந்தும், தமிழ்ப்பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குத் தமிழ்தான் தாய்மொழி என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அன்று வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

இப்போது வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்வது இதுதான். புதுப் பிள்ளையிடம் பெயரைக் கேட்ட கையோடு, வீட்டில் என்ன பேசுவீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். எனக்கு அது தெரிய ஒரு வருஷமாயிற்று. அந்த வருஷம் முழுவதும் அவள் கையை நீட்டி என்னிடம் பிரம்படி வாங்கினாள்.