பதினேழாம் தறிக்கு மேலே ஒரு கேமரா

முள்ளிப்பட்டு தெய்வநாயகி அக்காவுக்கு நாற்பத்துநான்கு வயது. பதிமூன்று வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். கணவர் போனபின் மகள் அகல்யாவை ஆரணியில் கல்லூரிக்கு அனுப்புவது அந்த ஒரு தறிதான். தறி இருக்கும் அறையில்தான் தாயும் மகளும் படுப்பது, துணி மாற்றுவது எல்லாம்.

நெய்வதற்குப் பாவு நூலும் பட்டும் கொடுக்கும் முதலாளி பன்னீர்செல்வம், எத்தனை முழம் ஆயிற்று என்று வண்டியில் வீடு வீடாக வந்து பார்ப்பார். மூட்டுவலி வந்தபிறகு தன்னிடம் பாவு வாங்கும் முப்பது வீடுகளிலும் தறிக்கு மேலே கேமரா மாட்டி, போனில் பார்க்கத் தொடங்கினார். வேண்டாம் என்ற வீட்டுக்கு அடுத்த பாவு கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியம், அதே தெருவில் வாடகைக்குத் தங்கியிருந்த எனக்கு அக்கா போன் செய்தார்.

"பாப்பா, ஜல்தியா வாம்மா. அது தலைய திருப்பிகினு பாக்குது."

நான் போனபோது சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். புடவையைப் பார்க்கவேண்டிய கேமரா, அகல்யா துணி மாற்றும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முதலாளிகிட்ட கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன். கண்ணமங்கலத்துல பஸ்ல கீறாராம், காலைலேர்ந்து போன்ல கேமராவ தொறக்கவே இல்லியாம். 'காத்துல திரும்பியிருக்கும், பேஜார் பண்ணாதம்மா'ன்றாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தது. அக்கா என் கையைப் பிடித்தார்.

வேலைக்காக ஊர் ஊராகத் தங்கிய அறைகளில் முதலில் கேமரா தேடியே பழகியவள் நான். இந்தக் கேமராவின் அடியில் ஒரு நீள எண் ஒட்டியிருந்தது. இணையத்தில் அதுதான் கேமராவின் விலாசம். எந்த ஊரிலிருந்தும் அதைக் கொண்டு கதவைத் தட்டலாம். பாஸ்வேர்டுதான் ஒரே பூட்டு.

"பாஸ்வேர்டு?"

"எங்களுக்கு மறந்துடும்னு, தறி நம்பர மூணு தபா போடச் சொன்னாங்க."

தறி எண் வாசற்கதவிலேயே பெயின்டால் எழுதியிருந்தது. முப்பது கேமராவும் ஒரே பெட்டியில் வாங்கியவை; விலாசங்களும் வரிசை எண்கள். ஒன்று தெரிந்தால் எல்லாம் தெரியும்.

என் போனில் அந்த விலாசத்தைப் போட்டு, 171717 என்று அடித்தேன். திறந்தது. மேலிருந்து எங்கள் இரண்டு தலைகள். ஓரத்தில்: இப்போது பார்ப்பவர்கள் மூன்று பேர்.

அதில் ஒருத்தி நான்.

ஒயரைப் பிடுங்கப் போனேன். அக்கா தடுத்தார். "பாவு தரமாட்டாரும்மா." சொல்லிவிட்டு அந்த மூலையைப் பார்த்தார். பிறகு அவரே பிடுங்கினார்.

"எத்தினி நாளா பாக்கறானுங்க?"

என் போனில் வந்த, பார்த்தவர்கள் பட்டியலில் ஏழு நாள் கணக்குதான் இருந்தது. ஏழு நாளும் தெரியாத ஆட்கள் வந்து போயிருந்தார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அக்கா அழவில்லை. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"பதினெட்டாம் தறி!"

பக்கத்து வீட்டுத் தனகோடிக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். தறிப்பக்கத்தில்தான் உட்கார்ந்து பால் கொடுப்பாள்.

செருப்பில்லாமல் அக்கா ஓடினார். நான் பின்னால் ஓடினேன். உள்ளே தனகோடி குழந்தையோடு நிமிர்ந்து சிரித்தாள்.

"இன்னாக்கா இப்டி ஓடியார? முதலாளி வந்துகினு கீறாரா?"

அக்கா தன் முந்தானையை விரித்து, அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.