திங்கட்கிழமை கரிநாள்

“…புது எண்ணெ பாக்கெட்டுகூட அன்னிக்கி நான் பிரிக்க மாட்டேன், நீ இன்னாடான்னா கொழந்தையக் கொண்டாந்து பள்ளிக்கூடத்துல சேருன்ற,” என்றார் அக்கா, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவதை நிறுத்தாமல். “நாளைக்கி கரிநாளு தம்பி. காலண்டர் பாத்தியா இல்லியா?”

பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவர்கள் யாருமே பார்க்கவில்லை.

ஆந்திராவில் வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் பெற்றோர் கமிட்டிக்கு நான்தான் தலைவர். தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆட்டோ ஓட்டுகிறவன். என் மகள் அங்கே நான்காவது படிக்கிறாள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டாலும் பேசுகிறேன் என்பதற்காக அந்தப் பதவியை என் தலையில் கட்டினார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பெற்றோரை எல்லாம் அழைத்து ஒரு வரவேற்பு வைப்பது எங்கள் வழக்கம். வாசலில் மாவிலைத் தோரணம், ஒரு மைக் செட், எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல். முதல் வகுப்புக்குப் புதிதாக வரும் குழந்தைகளை அன்றைக்குத்தான் வரிசையாக உட்கார வைத்து, தட்டில் அரிசி பரப்பி, விரல் பிடித்து முதல் எழுத்து எழுத வைப்போம். சேர்க்கையும் அன்றைக்குத்தான்.

அந்த நாளைக் குறித்தது பெரிய டீச்சரின் அறையில். பெரிய டீச்சர் திருப்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தெலுங்கு மட்டும்தான் பேசுவார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஏதோ நகைக்கடை கொடுத்த தெலுங்குக் காலண்டர் தொங்கும். திரும்பிப் பார்த்து ஒரு தேதிக் கட்டத்தில் விரலை வைத்தார். “சோமவாரம். திதி மஞ்சிதி. பெட்டுகுந்தாமா?” என்றார். நல்ல திதி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

தெலுங்குக் காலண்டரில் அது நல்ல நாள்தான், பொய்யில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை தமிழுக்கு ஆனி மாதம் முதல் தேதி. எங்கள் வீடுகளில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தாளில் கரிநாள் என்று போட்டிருக்கும். கரிநாளில் எதையும் புதிதாகத் தொடங்கமாட்டோம். தெலுங்குக்காரர்களுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. அவர்களுடைய மாதம் நிலாவோடு போகிறது, எங்களுடையது சூரியனோடு. ஒரே ஊர், ஒரே வெயில், சுவரில் மட்டும் இரண்டு காலண்டர். ஆபீஸ் என்றால் தெலுங்கு என்று பழகிவிட்ட எங்களுக்கு, வீட்டுக் காலண்டர் ஒன்று இருப்பதே அந்த அறைக்குள் மறந்துபோயிற்று. பக்கத்து வீட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்ட கதை.

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக அழைக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் வீட்டில், “நாளு செய்யறத நல்லவன்கூட செய்ய மாட்டான், அண்ணா,” என்றார்கள். சரி, மறுநாளாவது வாருங்கள் என்றால் அடுத்த வீட்டில், “செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார்கள். மூன்றாவது வீட்டில் எனக்கு மோர் கொடுத்து, ஆறுதல் சொல்வதுபோல, “பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காது. பொதங்கெழம கண்டிப்பா வரோம்,” என்றார்கள். சாதாரண நாளாக இருந்தால் இந்த மாதிரிப் பேச்சுக்காகவே இன்னொரு தம்ளர் மோர் கேட்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு பழமொழியும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி விழுந்தது. பழமொழிக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, அதுதான் அதில் கோளாறு. மனிதன் சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

புதன்கிழமை வந்து பிரயோஜனம் இல்லை. முதல் வகுப்பில் எத்தனை பேர் என்பதைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பெரிய டீச்சர் செல்போனில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் இந்தப் பள்ளிக்கு இரண்டு டீச்சர் எதற்கு என்று சின்ன டீச்சரை வேறு மண்டலத்துக்குத் தூக்கிவிடுவார்கள். சின்ன டீச்சர் புத்தூர்ப் பக்கத்துப் பெண், வீட்டில் தமிழ் பேசுகிறவர். எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வரைக்கும் தெலுங்கில் ஒரு வார்த்தை அறியாதவர்கள். போன வருஷம் ஒரு குழந்தை வயிறு வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுததற்கு, பெரிய டீச்சர் பசி என்று நினைத்துப் பாவம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். சின்ன டீச்சர் வந்து கேட்டபோதுதான் சமாசாரம் தெரிந்தது. தமிழில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தசரா வருவதற்குள் தெலுங்கில் சண்டை போடுகிற அளவுக்குப் பிள்ளைகளைத் தேற்றிவிடுவார் அந்தப் பெண். அவர் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் பெரிய டீச்சர் ஒருத்தர்தான். பிஸ்கட்தான்.

இதையும் வீடு வீடாகச் சொன்னேன். எல்லாரும் ஐயோ என்றார்கள். பிறகு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “அக்கா இன்னா சொல்லுது?”

அக்கா யாருக்கும் உறவில் அக்கா இல்லை, தெருவுக்கே அக்கா. மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் எடுக்கிற பல்ப் ஃபேக்டரிக்குப் பெண்களைச் சேர்த்து வேனில் ஏற்றிப் போகிற மேஸ்திரி அவர். வேனில் யார் ஏறலாம், யார் ஜன்னல் ஓரம் உட்காரலாம் என்பது அவர் வாயில் இருக்கிறது. அவருடைய கடைசிப் பெண் இந்த வருஷம் முதல் வகுப்பு. அவர் கூட்டிக்கொண்டு வந்தால் தெரு வரும். அவர் வராவிட்டால் என் பொங்கலை நானே தின்ன வேண்டியதுதான்.

அக்கா வீட்டுக்குப் போவதற்கு முன் பெரிய டீச்சருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எண்ணிக்கை அனுப்புகிற தேதி தன் கையில் இல்லை என்றார். கரிநாள் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். “மரி மீட்டிங்லோ எந்துகு செப்பலேதண்டி?” என்றார். அதை ஏன் கூட்டத்திலேயே சொல்லவில்லை என்று கேட்கிறார். நியாயம்தான். புத்தூரிலிருந்து வேன் விடுகிற தனியார் பள்ளிக்காரன் மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே எங்கள் தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தான், புதன்கிழமை சேர்க்கை என்று. விற்கிறவனுக்கு வாங்குகிறவன் வீட்டுக் காலண்டர் தெரிந்திருக்கிறது.

இந்த எரிச்சலோடுதான் அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தேன். சின்ன டீச்சர் கதையை முழுக்கச் சொல்லி முடித்தேன். அக்கா கேட்டுக்கொண்டார். கத்தி நிற்கவில்லை.

“நல்ல பொண்ணு அது. போவக்கூடாதுதான்,” என்றார்.

“அப்ப கொழந்தைய இட்டாருங்க.”

“பொதங்கெழம இட்டாறேன்.”

“பொதங்கெழம டீச்சரே இருக்க மாட்டாங்க அக்கா. உங்க பொண்ணு தண்ணி கேட்டாக்கூட ஒருத்தருக்கும் புரியாது.”

“பெரியவன இதே மாதிரிதான் அவங்க நைனா அவசரப்பட்டு கரிநாள்ல கொண்டுபோய்ச் சேத்துச்சி,” என்றார் அக்கா. “ஏழாவதோட நின்னான். இப்ப மண்டில மாங்கா லோடு ஏத்திக்கினு கீறான்.”

“படிப்பு நின்னதுக்கு நாளா காரணம்?”

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். “நாளு மேல பழி போட்டா நாளுக்கு வலிக்காது தம்பி. வேற யாரு மேல போடச் சொல்ற? அவன் மேலயா? அவங்க நைனா மேலயா? என் மேல நானே போட்டுக்கவா?”

அவர் சொன்னது உறைத்தது. ஆனால் கோபம் அடங்கவில்லை. அவர் மேல் என்றில்லை. என் மேல், பெரிய டீச்சர் மேல், கமிட்டி மேல், நகைக்கடைக்காரன் மேல், செல்போனில் எண்ணிக்கை கேட்கிற யாரோ ஒருவர் மேல், எல்லார் மேலும் சேர்த்து ஒரு கோபம். அது பக்கத்தில் கிடைத்தவர் மேல் பாய்ந்தது.

“நாளைக்கி ஃபேக்டரி வேன் வருமா அக்கா?”

“வராம? சீசனாச்சே.”

“கரிநாள்ல நீங்க மட்டும் வேன் ஏறலாம். தெருப் பொம்பளைங்க அத்தினி பேரையும் ஏத்திக்கினு போலாம். கொழந்த மட்டும் பள்ளிக்கூடம் போவக்கூடாது. அப்படித்தானே?”

அடிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். “ஆட்டோ ஓட்டி ஓட்டி உனக்கு வாயும் ஓடுது. டேய், அது நேத்தும் போன வேல. முந்தாநாளும் போன வேல. தொடந்து போறதுக்கு நாளு எதுக்கு? ஆரம்பிக்கறதுக்குத்தான் நாளு.”

அதில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்கிற ஐயங்கார் வீடு ஒன்று எனக்கு வாடிக்கை. ஒருமுறை அந்த வீட்டு மாமா ஒரு மஞ்சப்பையை மட்டும் என் ஆட்டோவில் ஏற்றி, ரயிலடிப் பக்கம் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் வைத்துவிட்டு வா என்று முழு வாடகை கொடுத்தார். ஆள் வரவில்லை, பை மட்டும் சவாரி. கேட்டதற்கு, மறுநாள் ஊருக்குப் போகிறார், நாள் சரியில்லை, அதனால் இன்றைக்கே நல்ல நேரத்தில் வேட்டி துண்டை முன்னால் அனுப்பிவிட்டால் பிரயாணம் இன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு என்றார். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். “இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. எங்க ஊடு பள்ளிக்கூடத்துச் செவுத்த ஒட்டித்தான் கீது. உங்க பொண்ணோட சாமான் எதனா ஒண்ணு இன்னிக்கி அங்க வந்துட்டா, நாளைக்கி அது வர்றது தொடந்து வர்றதுதானே?”

“அது ஊருக்குப் போறவங்களுக்கு.”

“பள்ளிக்கூடம் ஊரில்லியா? இங்க தமிழு, அங்க தெலுங்கு. இதவிட தூரமா இன்னா ஊரு இருக்குது?”

அக்கா உச்சுக் கொட்டினார். எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார்த்தார். அங்கே குடத்தோடு நின்ற பெண்கள் குழாயை மூடிவிட்டு எங்கள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பையி கூட இல்லியே அதுக்கு. பையி நாளைக்கி பள்ளிக்கூடத்துலதான் குடுப்பாங்க,” என்றார்.

“துணி?”

“துணி போவறது பெருசில்ல. துணி எங்க வேணா போவும்.” எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற மாதிரித் தட்டு, விளிம்பில் குழந்தையின் பெயர் வெட்டியிருந்தது. அதில் ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள் துண்டு.

“சோறு துன்ற தட்டு போனா ஆளு போன மாதிரிதான்,” என்றார், எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை.

எனக்கு உயிர் வந்தது. தட்டை வாங்கி ஆட்டோவின் பின்சீட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் நான்கு வீடு போய்த் தட்டு வாங்கலாம், இருட்டுவதற்குள் தெருவை முடித்துவிடலாம் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாவியைத் திருகினேன்.

“இன்னா பண்ற?” என்றார் அக்கா.

“போறேன் அக்கா. பொழுது போவுதில்ல?”

“ஞாயித்துக்கெழம இந்நேரம் இன்னா காலம்? ராகு காலம். கரிநாளுக்குப் பயந்து ராகு காலத்துல தட்டு அனுப்புவாங்களா எவளாவது? ஆறு மணி ஆவட்டும்.”

“அக்கா, இன்னும் அத்தினி ஊடு பாக்கி கீது.”

“ஒன்ன நம்பினா ஆவாது, மத்த ஊட்டுத் தட்டுக்கு நானே சொல்லிக்கறேன்,” என்று குனிந்து, உறுமிக்கொண்டிருந்த ஆட்டோவின் சாவியைத் திருகி உருவி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயடியில் நின்ற பெண்களைப் பார்த்து நடந்தார்.