கொளுத்தாத மெழுகுவர்த்தி

இத்தனை நாளாக என் அலமாரியில் ஒரு மெழுகுவர்த்தி கிடந்தது. தடித்த வெள்ளை மெழுகுவர்த்தி. பினாங்கு வெக்கையில் லேசாக வளைந்துவிட்டது. திரி மட்டும் புதிதாகவே இருந்தது. அத்தான் என் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் வாழ்ந்தவள், பள்ளியில் அறிவியல் நடத்தியவள். தான் இறந்தால் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். சாட்சிக் கையெழுத்து அத்தானுடையது. அவள் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அவள் போனதும், தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு கல்லூரி வண்டி வந்து சவப்பெட்டியை எடுத்துச் சென்றது. மாணவர்கள் படித்து முடித்ததும் திருப்பித் தருவோம், எப்போதென்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

அந்தச் சமயத்தில் நான் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதே கல்லூரியில் மாலை வகுப்பில் மருத்துவ அறவியல் படித்தேன். ஏழைகளின் பிணங்களைக் கேட்பாரில்லை என்று எடுத்து அறுத்த பழைய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அக்காவை நினைத்துப் பெருமைப்படுவேன். அவளை யாரும் எடுக்கவில்லை, அவளே தந்தாள். சம்மதம் இருந்தால் எல்லாம் சரி என்று வகுப்பில் அடித்துப் பேசுவேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும் நாள். போக அக்காவுக்குக் கல்லறை இல்லாததால், அத்தான் தேய்த்த சட்டையோடு, கையில் பூவும் மெழுகுவர்த்தியுமாக, என்னோடு கல்லூரி வாசலுக்கு வந்து நின்றார். தீப்பிடிக்கும் திரவங்கள் இருப்பதால் உள்ளே நெருப்புக்கு இடமில்லை என்று காவலாளி தணிந்த குரலில் சொன்னார். வெளியேயாவது கொளுத்தலாமா என்று நான் கேட்டேன். அதற்கும் அனுமதியில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அத்தானும் கோபப்படவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினார்.

"அவ சைன் பண்ணா, நானும் சைன் பண்ணேன். சரிதாம்மா. ஆனா மெழுகுவத்திய எங்க கொளுத்துறதுன்னு யாரும் நினைச்சே பாக்கல லா. நீ படிக்கிறியே, உங்க புக்குல இருக்கா?"

இல்லை. தேடியும் பார்த்தேன். இறந்தவரின் விருப்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. கையில் பூவோடு நிற்கிறவரைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அத்தானே இல்லை. நெஞ்சுவலி. இருவருக்குமாக வாங்கிய கல்லறையில், பின்னால் போனவர் முதலில் படுத்தார். அதற்கும் பிறகுதான் அக்கா திரும்பி வந்தாள். மாணவர்கள் வரிசையாக நின்று தலைகுனிந்து அனுப்பிவைத்தார்கள். ஒரு பெண் அழுதாள். அக்கா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாள். அதே கல்லறையில் அத்தான் பக்கத்தில் அவளை அடக்கம் செய்தோம். அவள் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனாலும் அத்தான் காத்திருந்து காத்திருந்தே போனாரே என்று என் மனம் ஆறவில்லை.

இந்த நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, அந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அவர்கள் கல்லறைக்குப் போனேன். வளைந்திருந்ததால் கல்லின்மேல் நிற்கவில்லை. மண்ணில் ஊன்றி, காற்றைக் கையால் மறைத்துக்கொண்டு கொளுத்தினேன்.

"இங்கதான், அத்தான்," என்றேன்.