உப்பு என்று நினைத்துத் துடைத்தேன்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். முதலில் கார் வாங்கியதும் நான்தான். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. கேட், சைக்கிள், பூட்டு எல்லாவற்றிலும் உப்பு பூக்கும். அதனால் ரேடியேட்டர் குழாய் சேரும் இடத்தில் வெள்ளைப் படிவைப் பார்த்தபோதும், உப்புதான் என்று அக்காவிடமும் சொல்லி, வாராவாரம் துடைத்துவிட்டேன்.

சென்ற மாதம் நிறைமாதமாக இருந்த அக்காவுக்கு வலி எடுத்தது. காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் சாலையில் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். ஒதுங்க நிழல் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், எல்லாம் உப்புத் தண்ணீர். போன் செய்தேன்; ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன்.

"ஏய், கைய எடு. குக்கரையே ஆவி அடங்காம தொறக்கமாட்ட நீ," என்றாள் அக்கா, வலிக்கு நடுவே.

நன்றாக ஆறும்வரை காத்திருந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். வாராவாரம் துடைத்த அதே இடத்தில் அது ஒழுகியது. நான் துடைத்தது உப்பை அல்ல, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவம் கசிந்து காய்ந்ததை.

"உப்புன்னுதானடி சொன்ன?"

"ஆமாக்கா."

ஆம்புலன்ஸ் வந்தது. அக்காவுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம்.

இப்போது தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் அளவுக்கோட்டைப் பார்க்கிறேன். வெள்ளையாக எது தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே துடைக்கிறேன்.