உறுமல் இல்லாத அரக்கன்

எங்கள் ஊர்க் கூத்தில் அரக்கனுக்குப் பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. ஏழு உறுமல் மட்டுந்தான். அதனால்தான் அந்த வேசம் எனக்குக் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் கதைக்க வராது. ஆனால் ஆறடிக்கு மேல் உயரம். முன்னர் அரக்கனாக ஆடியவர் கனடாவுக்குப் போன வருடம், மத்தளக்காரர் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார்.

"நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. வந்து நிண்டு கத்தினால் காணும். பிறகு செத்துப்போகலாம்," என்றார்.

அப்படியே பதினேழு வருடம் செத்தேன்.

பழைய காவியக் கதைதான். ஒரு தீவில் அரக்கன் ஒருவன் இருக்கிறான். கரைக்கு வரும் கப்பல்களில் பிள்ளைகளைப் பிடித்துத் தின்கிறான். இளவரசன் வந்து கொல்கிறான். அரக்கன் மேடைக்குப் பின்னால் இருந்து வருவதில்லை. சனத்துக்குப் பின்னால் இருக்கும் பனங்காணிக்குள் இருந்து, பிள்ளைகள் பாய் போட்டு இருக்கிற இடத்தின் நடுவால் உறுமிக்கொண்டு வருவான். பிள்ளைகள் அலறவேண்டும். அலறாவிட்டால் அந்த வருடக் கூத்துச் சரியில்லை.

கூத்து முடிந்தபின் இன்னொன்று நடக்கும். வேறு ஊர்களில் உண்டோ தெரியாது. செத்த அரக்கன் உடனே முகம் கழுவக்கூடாது. மேடைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த உரலில் இருக்கவேண்டும். பயந்த பிள்ளைகளைத் தாய்மார் கொண்டுவருவார்கள். யாரைக் கண்டு பிள்ளை பயந்ததோ, அவரே அதை மூன்று தரம் தலைக்கு மேல் தூக்கி இறக்கினால் பயம் போகும் என்று எங்கள் ஊரில் நம்புகிறார்கள். முதல் தரம் பிள்ளை முதுகை வளைத்துக் கத்தும். இரண்டாம் தரம் என் பல்லைப் பார்க்கும். மூன்றாம் தரம் பல்லைப் பிடித்து இழுக்கும்.

நான் கலியாணம் செய்யவில்லை. அம்மா போனபின் தனியேதான் இருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் நாலு வீடுகளைப் பார்ப்பது என் வேலை. யன்னல்களைத் திறந்து காற்றுப் பிடிக்கவிட்டு, திரும்பப் பூட்டவேண்டும். முற்றம் கூட்டவேண்டும். கிழமைக்கணக்கில் ஒரு மனிதரின் கை என்னில் படாமல் போகும். கடையில் கூட சாமானை மேசையில் வைத்துத்தான் தள்ளிவிடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைகள் என் கையில் இருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். பவுடர் மணம், பால் மணம், சில நேரம் மூத்திர மணம். அடுத்த நாள் தோள்மூட்டு நோகும். அந்த நோவு மாறும்போது எனக்குக் கவலையாக இருக்கும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

போன வருடம் பள்ளிக்கூடத்துக்கு நாடகம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் வந்தார். காரைநகர்க்காரி. பழைய கூத்தைப் புதிதாக எழுதப்போவதாகச் சொன்னார். எங்கள் எல்லாரையும் இருத்தி வாசித்தும் காட்டினார். அவருடைய கதையில் அரக்கன் பிள்ளைகளைத் தின்பதில்லை. தீவில் உள்ள ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணற்றைக் காவல் காக்கிறான். கப்பல்காரர்கள் அந்தக் கிணற்றுக்காகத்தான் வருகிறார்கள். கொன்றுவிட்டு, ஊருக்குப் போய் அவன் பிள்ளைதின்னி என்று பாட்டுக் கட்டுகிறார்கள்.

உவர்க்கிணறுகளுக்கு நடுவில் வாழ்கிற, தண்ணீர்ப் பவுசர் வரும் நாளைப் பார்த்து வாளிகளை அடுக்குகிற எங்களுக்கு அந்தக் கதை உடனே விளங்கியது. நல்ல கதை.

மத்தளக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அரக்கன் அழுதால் நான் என்னத்தையம்மா அடிக்கிறது? செத்த வீட்டுப் பறையோ?"

"மெதுவா அடியுங்கோ ஐயா. நெஞ்சு அடிக்கிற மாதிரி."

"இந்த வயசிலை என்ரை நெஞ்சும் அப்பிடி ஒழுங்கா அடிக்கிறேல்லைப் பிள்ளை."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன். "ரீச்சர், அப்ப உறுமல்?"

"உறுமல் இல்லை அண்ணை. அது அவனிலை மற்றவை ஏத்திவிட்ட பழி. உங்களுக்கு இப்ப வசனம் இருக்கு."

"பிள்ளையள் பயப்பிடாதுகளே?"

"பயப்பிடத் தேவையில்லை எண்டு காட்டத்தானே இவ்வளவும்!"

அந்த இடத்தில் உரலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. சொன்னால் கேட்கக்கூடிய பிள்ளை. ஆனால் என்னவென்று சொல்வது? ஊராரின் பிள்ளைகளைத் தூக்க எனக்கு ஆசை என்றா? அது வாய்விட்டுச் சொல்லக்கூடிய வசனமாகத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஆனால் அதில் எனக்கு ஏதும் இருக்கும் என்று அவர்கள் ஏன் நினைக்கப்போகிறார்கள்?

கொப்பியில் ஒரு பக்கம் நிறைய என் வசனம். வீட்டில் சொன்னால் பக்கத்து வளவுக்குக் கேட்கும். அதனால் நான் பார்க்கும் வீடுகளில் பெரிய வீட்டுக் கூடத்தில் நின்று பழகினேன். வெள்ளைத் துணி போர்த்திய பதினொரு கதிரைகள். அவற்றைப் பார்த்துச் சொன்னேன். "இந்தத் தண்ணி என்ரை இல்லை. ஆனால் உங்கடையும் இல்லை." மூன்றாம் நாள் கைபேசி அடித்தது. இலண்டனில் இருக்கும் வீட்டுக்காரர்.

"என்ன, ஆரோடை கதைக்கிறீர்? ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதையும் எண்டு சொன்னனான் எல்லே?"

மூலையில் அவர் கமரா பூட்டுவித்திருந்ததை மறந்தே போனேன். "ஒருத்தரும் இல்லை அண்ணை. கூத்துக்குப் பழகிறன். அரக்கன் வேசம்."

அந்தப் பக்கத்தில் சிரிக்கிறார் போலிருந்தது. "சரி, பழகும். கதிரையிலை மட்டும் இராதையும்."

அதன்பிறகு அந்தக் கமராவைப் பார்த்தே சொன்னேன். அவர் திரும்ப அழைக்கவில்லை. பார்த்தாரோ தெரியாது.

ஆவணியில் வெளிநாட்டுக்காரர் நிறையப் பேர் வந்திருந்தபோது, பள்ளிக்கூட வளவில் பின்னேரம் நாலு மணிக்குப் புதுக்கூத்து நடந்தது. நான் மேடைக்குப் பின்னால் இருந்து, வெறுங்காலோடு, மெதுவாக வந்தேன். பல் இல்லை, கொம்பு இல்லை. முகத்தில் கொஞ்சம் சாம்பல் மட்டும். ஒரு வசனமும் தப்பவில்லை. இளவரசனாக ஆடியது பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் தம்பி. அவன் என் நெஞ்சில் வாளை வைத்தபோது, பின்வரிசையில் பெண்கள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. முன்னால் இருந்த சின்னது ஒன்று வீரிட்டு அழுதது.

முடிந்ததும் வழக்கப்படி உரலில் போய் இருந்தேன். சனம் வந்து கை தந்தது. "அழவைச்சிட்டீர் ஐசே." "உமக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமெண்டு தெரியாமல் போச்சே." அப்போது அழுத பிள்ளையின் தாய் அதைத் தூக்கிக்கொண்டு என் பக்கமாக வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். அவர் என்னைக் கடந்து இளவரசனிடம் போனார்.

"தம்பி, இவன் உம்மைக் கண்டுதான் பயந்தவன். மூண்டு தரம் தூக்கிவிடும்."

"ஐயோ அக்கா, எனக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது. அண்ணை தூக்குவர், அண்ணையிட்டைக் குடுங்கோ."

"அவர் பாவம், அவர் என்ன செய்தவர்? வாளோடை பாய்ஞ்சது நீரெல்லே."

பின்னால் இன்னும் இரண்டு தாய்மார் நின்றார்கள். அவன் வாளை என்னிடம் தந்துவிட்டு, பிள்ளையைப் பூசணிக்காய் பிடிப்பது போலப் பிடித்தான். அது இன்னும் பலமாகக் கத்தியது. "அக்குளுக்குள்ளை பிடியும்," என்றேன். பிடித்தான். மூன்றாம் தரம் தூக்கும்போது அது அவனுடைய முடியில் இருந்த மயிலிறகைப் பிடுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பயப்படாத பிள்ளைகள் என்னைச் சுற்றி ஓடி விளையாடின. ஒன்றுக்கும் என்னால் ஒரு தேவை இருக்கவில்லை. ஆறு வயது மட்டில் ஒரு பெண்பிள்ளை கிட்ட வந்து, தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது. "உங்கடை கிணத்தைப் பறிச்சுப்போட்டினம் என்ன?" என்றது. ஓம் என்று சொல்லி வாங்கி, கொஞ்சம் குடித்துவிட்டுக் கொடுத்தேன். அது போத்தலின் வாயைச் சட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டு ஓடியது.

ரீச்சர் கண் சிவக்க வந்தார். "அண்ணை, பாத்தனீங்களே சனத்தை? அரக்கனுக்காக அழுதினம். அடுத்த வருசமும் நீங்கள்தான்."

"ஓம் ரீச்சர்." பிறகு, வாள் கையில் இருந்த துணிவோ என்னவோ, கேட்டேன். "அடுத்த முறை ஒரு இடத்திலை மட்டும் உறுமலாமோ?"

அவர் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து, பேனையை எடுத்து, உண்மையாகவே யோசித்தார். "உறுமலாம் அண்ணை. ஆனால் அவன் ஏன் உறுமவேணும்? காரணத்தைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

அவர் பேனையைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். அங்கால் இளவரசன் இரண்டாவது பிள்ளையைத் தூக்க, சனம் ஒண்டு, ரெண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்தது.

"சும்மா கேட்டனான் ரீச்சர்," என்றேன்.